முன்பனியில் ஜவ்வாது மலையில் ஒரு சின்னக் கல்யாணம்: முதல்முறை திட்டமிடுவோருக்கான செய்முறை

வேலூர்ப் பக்கம் கல்யாணம் பேசி முடித்த மறுநிமிஷம் வரும் கேள்வி, "மண்டபம் பாத்தாச்சா?" என்பதுதான். நாங்கள் மண்டபம் பார்க்கவில்லை. போன தை மாதத்தில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி, சாமை அறுத்து முடித்த ஒரு கொல்லையின் மேட்டில் பொழுது விடியும் நேரத்தில் தாலி கட்டிக்கொண்டோம். எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர். கீழே பள்ளம் முழுக்கப் பனி பால் மாதிரி தேங்கி நின்றது.

அன்றிலிருந்து "எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லிவந்தேன். முழுதாக எழுதிவிட்டால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும்.

வெளிநாடுகளில் இதற்கு எலோப்மென்ட் என்று பெயர். பனி மூடிய மலைக்கும் உறைந்த ஏரிக்கும் இரண்டு பேர் மட்டும் போய், ஒரு சாட்சியோடும் ஒரு போட்டோகிராபரோடும் மணம் முடித்துத் திரும்புவார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைத் தமிழாக்கினால் "ஓடிப்போறது" என்றாகி, கேட்பவர் முகம் மாறிவிடும். ஆனால் நம் பழைய அகப்பாடல்களில் அதற்கு உடன்போக்கு என்ற அழகான பெயர் இருந்தது. மலைக்குரிய திணை குறிஞ்சி. அதற்குரிய காலங்களில் ஒன்று முன்பனி, அதாவது மார்கழியும் தையும். நாங்கள் தேர்ந்தெடுத்த இடமும் நேரமும் இரண்டாயிரம் வருஷமாக நம்முடையவைதான்.

படி 1: யாருக்குச் சொல்வது என்று முடிவெடுங்கள்

இடத்துக்கு முன்னால் இதுதான். "ஊரறியக் கல்யாணம்" என்று ஏன் சொன்னார்கள்? முந்நூறு பேர் பார்த்திருந்தால் அந்தக் கல்யாணத்தை நாளைக்கு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஊரே சாட்சி, ஊரே காவல். அந்த ஊரைக் கீழே விட்டுவிட்டு மலைக்குப் போகும்போது, அது செய்த வேலையை யார் செய்வார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இந்த விளக்கம் முழுக்கச் சுற்றிச் சுற்றி அந்தக் கேள்விக்குத்தான் வரும்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் தெரியும். சம்மதம் வாங்க நாலு மாதம் ஆனது. "நாலு பேருக்குச் சோறு போடாத கல்யாணம் இன்னா கல்யாணம்?" என்று என் பெரியம்மா கேட்டது நியாயமான கேள்வி. கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு காட்பாடி வீட்டு மாடியில் எல்லோருக்கும் விருந்து என்று வாக்குக் கொடுத்தபிறகுதான் அவர் சமாதானமானார். அந்த விருந்தையும் இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் எதிர்ப்பு இருக்கிறது, அதிலும் சாதியை வைத்து எதிர்ப்பு என்றால், தயவுசெய்து ஆளில்லாத மலைக்குப் போகாதீர்கள். தனிமை அழகாக இருப்பது பயமில்லாதவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பதிவுத் திருமணம். அதுவும் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், வழக்கறிஞரும் நம்பகமான நண்பர்களும் கூட இருக்கும்போது. இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல்துறையின் தனிப்பிரிவும், பாதுகாப்பான தங்குமிடத்துக்கு ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. மலை எங்கேயும் போய்விடாது. அடுத்த வருஷப் பனிக்குப் போகலாம்.

படி 2: நாள்

மார்கழியில்தான் குளிர் அழகு. ஆனால் நம் வீடுகளில் மார்கழியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதோடு ஐப்பசி தொடங்கி மார்கழித் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழைக்கும் புயலுக்கும் பயந்தபடியே இருக்க வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் தை முதல் மூன்று வாரம்தான் சரியான நேரம். மழை விட்டிருக்கும், குளிர் விட்டிருக்காது. பிப்ரவரி பாதியைத் தாண்டினால் புல் காய்ந்து காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடும். வனத்துறை கெடுபிடியும் கூடும்.

அதிலும் காணும் பொங்கல், அதையொட்டிய சனி ஞாயிறு வேண்டாம். மலைமேல் நிற்க இடமிருக்காது. நாங்கள் ஒரு புதன்கிழமையை எடுத்தோம். ஐயரிடம் கேட்டால் அந்த வாரத்திலேயே ஒரு முகூர்த்தம் பார்த்துக் கொடுப்பார். முகூர்த்த நாளில் வேண்டுமென்றால் அவரிடமே "விடிகாலையில்" என்று சொல்லிக் கேளுங்கள். தை மாதத்தில் இந்தப் பக்கம் சூரிய உதயம் காலை 6.40-ஐ ஒட்டி.

படி 3: இடம்

இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள்.

ஏலகிரி சுலபம். கொண்டை ஊசி வளைவு 14, ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரும் வள்ளல் பெயரும். மேலே போனால் விடுதி, சாப்பாடு, போன் சிக்னல் எல்லாம் உண்டு. வயதான தாத்தா பாட்டியை அழைத்துப்போவதென்றால் ஏலகிரியே போதும். ஆனால் காடு என்ற உணர்வு அங்கே குறைந்துவிட்டது. அமிர்தி, வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையடிவாரம். பக்கம்தான், ஆனால் அது வனத்துறையின் உயிரியல் பூங்காவும் காப்புக்காடும்.

ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரைச் சுற்றிய பகுதிதான் எங்கள் மனதுக்குப் பிடித்தது. போளூர் வழியாகவும் ஏறலாம், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாகவும் ஏறலாம். இரண்டாவது வழியில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 1986-லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. வானம் பார்ப்பதற்கென்றே அறிவியலாளர்கள் தேர்ந்தெடுத்த மலை என்றால் இரவில் அங்கே நட்சத்திரம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முந்தின ராத்திரி கம்பளி போர்த்திக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்ததுதான் எங்கள் நலங்கு, மெஹந்தி எல்லாமே.

பீமன் அருவிக்கரையில் தாலி கட்டலாமா என்று கேட்காதவர் இல்லை. நான் வேண்டாம் என்பேன். தை மாதத்தில் கார்த்திகைத் தண்ணீர் இருக்காது, பாறை வழுக்கும், சுற்றுலா வருபவர்கள் நடுவில் நிற்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியம், மலையில் பாதிக்கு மேல் நீங்கள் ஆசைப்படும் இடம் காப்புக்காடாக இருக்கும். அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தீ மூட்டுவது பெரிய குற்றம். 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகியதற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. அதனால் எளிய வழி பட்டா நிலம். மலையில் விவசாயம் செய்கிற மலையாளிப் பழங்குடியினரின் (கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலைவாசிகளுக்கே அந்தப் பெயர்) கொல்லைகள் நிறைய உண்டு. எங்களுக்கு நிலம் கொடுத்தவரிடம் நேரில் போய்க் கேட்டோம், ஊர்ப் பெரியவரிடமும் சொன்னோம், நியாயமான வாடகை கொடுத்தோம், சமையலையும் அவர் வீட்டிலேயே சொன்னோம். போட்டோ எடுக்க வந்த இடமாக நினைக்காமல் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்ததாக நினைத்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

இடம் பார்க்க ஒருமுறை பகலில் போனால் போதாது. கல்யாணம் எந்த மணிக்கோ அதே மணிக்கு, அதே மாதத்தில், ஒருமுறை போய் நில்லுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, வெயில் எந்த மரத்துக்குப் பின்னால் வருகிறது, பாறையிலோ உயர்ந்த மரத்திலோ மலைத்தேன்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். தேனீ இருக்கும் இடத்தில் புகை போடக்கூடாது, அத்தர், சென்ட் வாடையோடு போகக்கூடாது. நாங்கள் முதலில் பார்த்து ஆசைப்பட்ட பாறையை இந்தக் காரணத்துக்காகவே விட்டோம்.

படி 4: சட்டம்

ஆட்கள் குறையக் குறையக் காகிதம் கூட வேண்டும். ஆண் 21, பெண் 18 நிரம்பியிருக்க வேண்டும்.

இருவரும் இந்துக்கள் என்றால் நமக்குக் கிடைத்த பெரிய வசதி சுயமரியாதைத் திருமணம். அறிஞர் அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவு சேர்ந்தது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். ஐயர் கட்டாயமில்லை, அக்கினியும் கட்டாயமில்லை. காய்ந்த புல்லுக்கு நடுவே ஹோமம் வளர்க்காமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஊரைக் கூட்டி அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்று இந்தப் பிரிவு கேட்கவில்லை என்பதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது.

மதம் வேறு என்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். தைக் கல்யாணத்துக்குக் கார்த்திகையிலேயே தொடங்குங்கள். பதிவைக் கீழே அலுவலகத்தில் முடித்துவிட்டு, மாலை மாற்றுவதை மேலே வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். ஒரு சிக்கல்: ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம், நம் வீடு வேலூர் மாவட்டம். பழைய வட ஆற்காட்டில் எல்லாம் ஒரே மாவட்டம், இப்போது அப்படியில்லை. எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதை முன்கூட்டியே நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். நாங்கள் இருபது பத்திரிகை அடித்தோம், அதில் இடத்தின் பெயரையும் நேரத்தையும் சரியாகப் போட்டோம். சாட்சிகளாகப் போகிறவர்கள் தாலி கட்டும்போது பக்கத்தில் நிற்பது போட்டோவில் தெரிய வேண்டும்.

படி 5: குளிர்

இங்கே பனிக்கட்டி விழாது. ஆனால் தை விடியலில் மலைமேல் 15 டிகிரிக்கும் கீழே போகும், காற்றும் ஈரமும் சேர்ந்தால் வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது நடுக்கம்தான். ஆரணிப் பட்டு கட்டினேன். கனம் குறைவு, நடக்கச் சுலபம். உள்ளே முழுக்கால் தெர்மல், மேலே வெள்ளைச் சால்வை. புடவை ஓரம் பனியில் நனையும், அதனால் மேட்டுக்கு ஏறும் வரை ஒரு முழம் தூக்கிச் செருகிக்கொண்டேன். காலுக்கு ஷூ. தாலி கட்டும் நேரத்தில் மட்டும் கழற்றினேன், கீழே ஒரு பாய் விரித்திருந்தோம். வேட்டியோடு வருகிற மாப்பிள்ளைக்கும் உள்ளே கால்சட்டை வேண்டும்.

மலர் விஷயத்தில் மல்லிகை விடியற்காலைக் குளிரில் வாடாது. முந்தின நாள் கட்டியதை வாழையிலையில் சுற்றி வெளியே வைத்தாலே போதும்.

படி 6: சாப்பாடும் விளக்கும்

பிளாஸ்க் நிறையச் சுக்குக் காப்பி. தாலி கட்டிய கையோடு சாமைப் பொங்கல், தேங்காய்ச் சட்னி, மலைத்தேன். தையல் இலையில் பரிமாறினோம். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தோரணம் எதையும் மேலே கொண்டுபோகாதீர்கள். காகிதத் துண்டுத் தூவலும் வேண்டாம். பூவையும் அரிசியையும் தூவுங்கள்.

குத்துவிளக்கை நம்பிப் போனோம், காற்றில் ஐந்து முறை அணைந்தது. என் மாமியார் முகம் வாடிவிட்டது. நிலத்துக்காரர் ஓடிப்போய் அவர் வீட்டு அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். அதைத் துடைத்துப் பொட்டு வைத்து மாமியாரே ஏற்றினார். நீங்கள் முதலிலேயே கண்ணாடி மூடிய விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: போட்டோ

குளிரில் இரவு முழுக்கக் காரிலிருந்த கேமராவை அடுப்பெரியும் வீட்டுக்குள் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும்; பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வையுங்கள். ட்ரோன் வேண்டாம் என்பது என் முடிவு. பக்கத்தில் காப்புக்காடு, பறவை எழும் நேரம்.

படி 8: அந்த ராத்திரியும் காலையும்

எல்லோரும் முந்தின நாள் வெளிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். விடியற்காலை கிளம்பி வருகிறேன் என்ற ஒரு உறவினர் வழி தவறி, சிக்னலும் இல்லாமல், தாலி கட்டி முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். அவர் அழுததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. போனை நம்பாமல் வழியைத் தாளில் வரைந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.

கரடியும் காட்டுப்பன்றியும் உள்ள மலை. இருட்டில் தனியாக யாரும் நடக்கக்கூடாது, ஆளுக்கொரு டார்ச். "பேசிக்கினே போங்க, சத்தம் கேட்டா அது ஒதுங்கிக்கும்" என்று நிலத்துக்காரர் சொன்னார். நாங்கள் பாடிக்கொண்டே போனோம். பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், நேரே மருத்துவமனை. பக்கத்து அரசு மருத்துவமனை எங்கே என்று முந்தின நாளே போய்ப் பார்த்துவையுங்கள், வண்டியும் ஓட்டுநரும் தயாராக இருக்கட்டும்.

எங்கள் காலைக் கணக்கு இது: 4.30-க்கு எழுந்து வெந்நீர்க் குளியல், 5.45-க்கு நடக்கத் தொடங்கி 6.15-க்கு மேட்டில். ஆளுக்கு நாலு வரி உறுதிமொழி. 6.45-க்குத் தாலி. பதினைந்து நிமிஷம் யாரும் பேசவேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தோம். வெயில் ஏறிப் பனி கலைய, பள்ளத்திலிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒரு வீட்டிலிருந்து ஒரு பாட்டி மேட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நிலத்துக்காரரின் அம்மாவாம். பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி முதலில் அவர் காலில்தான் விழுந்தோம்.