கருவாடு விற்க இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கமும் இப்போது ஊருக்கு நாலு பேராவது வாட்ஸ்அப்பில் கருவாடு விற்கிறார்கள். நல்ல விஷயம். மொத்த வியாபாரி வைத்த விலைக்கே சரக்கைத் தள்ளிவிட்டுப் பழகிய கடற்கரையில், கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு வீட்டுக்கு நேராக அனுப்பிக் காசு பார்ப்பது பெரிய மாற்றம். ஆனால் ஆரம்பித்தவர்களில் பலர் கொஞ்ச நாளிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் ஆர்டர் இல்லை என்கிறார்கள். முதல் ஆர்டர் எல்லோருக்கும் வருகிறது. அதே வீட்டிலிருந்து இரண்டாவது ஆர்டர் வருவதில்லை. கூரியர், கவர், ஆள்கூலி எல்லாம் போக இந்தத் தொழிலில் மிஞ்சுவது அந்த இரண்டாவது, மூன்றாவது ஆர்டரில்தான்.

அதைக் கெடுப்பதில் முதலிடம், முழுதாகக் காயாத சரக்கைக் கட்டுவதற்கு. ஈரம் இருந்தால் எடை நிற்கும், அந்த ஆசை எல்லோருக்கும் வரும். சீலா, கட்டா மாதிரி சதை தடித்த மீனில் மேல்பக்கம் காய்ந்து வெளுத்திருக்கும், நடுமுள்ளை ஒட்டி உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். கட்டைவிரலால் முள் ஓரமாக அழுத்திப் பாருங்கள். மெத்தென்று பள்ளம் விழுந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். உப்புப் போடாத நெத்திலியை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும்.

நன்றாகக் காய்ந்த சரக்கும் ஒரே ராத்திரியில் கெடும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். நம் கடற்கரையில் பொழுது சாய்ந்தபின் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அதனால் உப்புக் கருவாட்டைக் களத்திலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. சரி, வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு கவரில் போட்டுவிடலாமா? அதுவும் தப்பு. மறுநாள் காலையில் கவரின் உட்புறம் வேர்த்து நிற்கும், பூஞ்சை பிடிக்க அந்தத் துளிகளே போதும். வெயில் இறங்கும் நேரத்தில் நிழலில் பரப்பி, சூடு ஆறியதும், இருட்டுவதற்குள் கட்டி முடித்துவிட வேண்டும். நாளில் அந்த ஓரிரண்டு மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கிறது. வேறு வேலையை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் உப்பு. போன தடவை மீனில் போட்டு மிஞ்சிய உப்பையே திரும்பப் போடுவது பல இடங்களில் வழக்கம். சில நாளில் கருவாட்டில் ரோஸ் நிறம் படர்ந்து, பிசுபிசுத்து, நாற்றம் வருவது அதனால்தான். உப்பிலேயே வாழும் நுண்ணுயிர் அது, வெயிலில் விளையும் உப்போடு சேர்ந்தே வருகிறது. உப்பைக் கூட்டிப் போட்டால் சாகாது, இன்னும் நன்றாக வளரும். சுத்தமான காய்ந்த உப்பு வாங்குங்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

மணலில் காயப்போடுவதையும் விட வேண்டும். சாப்பாட்டில் ஒரு தடவை நறநறத்தால் அந்த வீடு நமக்கு இல்லை. சவுக்குக் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் வலை கட்டிப் பரப்பினால் அடியிலிருந்தும் காற்றுப் படும், நாய் வாய் வைக்காது, சீக்கிரமாகவும் காயும். ஈ, வண்டு வராமல் இருக்கப் பூச்சி மருந்து தெளிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தைகள் சாப்பிடும் பொருள் இது. மேலே கொசுவலை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பேக்கிங்கில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். காரல் மாதிரி முள் மீனை மெல்லிய கவரில் வைத்து வேக்குவம் போட்டால் முள் குத்தி ஓட்டை விழும், வாடை வெளியே வரும், கூரியர்காரர் அடுத்த தடவை பார்சலைத் தொடமாட்டார். தடித்த கவரோ இரட்டைக் கவரோ போடுங்கள்.

விலை வைப்பதில் பலர் மீன் வாங்கிய காசை மட்டும் பார்க்கிறார்கள். கிலோ 100 ரூபாய்க்கு நெத்திலி எடுத்து, நாலு கிலோ காய்ந்து ஒரு கிலோ ஆனால், மீனுக்கே 400 ரூபாய். உப்பு, கூலி, கவர், கழிந்துபோன சரக்கு எல்லாம் அதற்கு மேல். வருஷம் முழுக்க ஒரே விலை போடுவதும் தப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறும். அப்போது பழைய விலையைக் காப்பாற்றப் பழைய சரக்கைக் கலந்து அனுப்பி, இருந்த பேரையும் கெடுத்துக்கொள்கிறார்கள். விலை ஏறியிருக்கிறது என்று நேராகச் சொன்னால் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படித்தான். காயப்போட வழியில்லாத வாரத்தில் ஆர்டர் எடுக்காதீர்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு (FSSAI) இல்லாமல் விற்காதீர்கள். அந்த 14 இலக்க எண்ணும், கட்டிய தேதியும், எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு தளத்தில் கட்டணமே கிடையாது. அதற்குப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் போடாதீர்கள், கணக்கில் ஏறியதைப் பாருங்கள். நமக்கு வரவேண்டிய பணத்துக்கு நாம் போனில் ரகசிய எண் (PIN) போட வேண்டிய அவசியமே இல்லை.

கடல் அட்டை, கடல் குதிரை கிடைக்குமா என்று கேட்டும் ஆள் வருவார்கள். இரண்டும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. ஜெயிலுக்குப் போகிற சமாச்சாரம், பேச்சையே வளர்க்காதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது முன்பணம். மழைக்காலத்தில் கை வறண்டு கிடக்கும்போது வியாபாரியிடம் சில ஆயிரம் வாங்குகிறார்கள். வட்டி இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் சீசன் வந்ததும் சரக்கு முழுதும் அவருக்கே போக வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் குறைத்துப் போட்டால், அதுதானே வட்டி? வெளியில் நல்ல விலைக்கு ஆர்டர் வந்தாலும் கொடுக்க முடியாமல் நிற்கும் பெண்களை எந்த ஊர்க் களத்திலும் பார்க்கலாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால், எவ்வளவு பணம், எத்தனை கிலோவில் கடன் தீரும், கிலோ என்ன விலை என்று நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அதைவிட நல்லது, முன்பணத்தைத் தேடிப் போகும் முன், விவசாயிகளுக்கு வங்கிக் கடன் கிடைக்க வந்த கிசான் கடன் அட்டையைப் பற்றி விசாரிப்பது. 2018-19 பட்ஜெட்டில் அது மீன்வளத் தொழிலுக்கும் விரிவாக்கப்பட்டது, மகளிர் குழுக்களும் விண்ணப்பிக்கலாம். மீன்வளத் துறை அலுவலகத்திலும் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலும் கேளுங்கள். மழை தொடங்கிய பிறகு போனால் பணம் கைக்கு வருவதற்குள் சீசன் போய்விடும், ஆடி ஆவணியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.