திருகோணமலைக்கு ஆட்களை வரவைக்கும் வேலை: தலைமைப் பொறுப்புக்கு வர நினைப்பவர்களுக்கு

சுற்றுலா ஊக்குவிப்பு வேலைக்கு வர ஆசைப்படும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, என்ன படிக்க வேண்டும் என்று. சபரகமுவ, ரஜரட்ட பல்கலைக்கழகங்களில் சுற்றுலா முகாமைத்துவப் பட்டம் இருக்கிறது. படியுங்கள், நல்லது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். சிங்களத்தில் ஒரு கூட்டத்தை நடத்தத் தெரியாமல் இந்தக் கதிரையில் நிலைக்க முடியாது. மிச்சமெல்லாம் காற்றைப் படிப்பதுதான்.

காற்று என்றால் உண்மையாகவே காற்று. தென்மேற்குப் பருவமழை காலியிலும் கொழும்பிலும் கொட்டும் மே தொடக்கம் செப்டெம்பர் வரை எங்கள் பக்கத்து நிலாவெளிக் கடல் குளம் போலக் கிடக்கும். வடகிழக்கு வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் படகுகள் கரையேறும். அப்போது தெற்கில் சீசன். ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஓகஸ்ட்டில். ஆகவே ஜெர்மன்காரரிடம் "எங்கள் கடற்கரை அழகு" என்று சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள், அழகான கடற்கரை அவருக்கு நூறு இடத்தில் கிடைக்கும். "ஓகஸ்ட்டில் இலங்கை மழை என்று யார் சொன்னது, கிழக்குக்கு வாருங்கள்" என்பதைச் சொல்லுங்கள்.

லண்டன் சுற்றுலாக் கண்காட்சி நவம்பரில், பெர்லின் கண்காட்சி மார்ச்சில். நவம்பரில் லண்டனில் நாங்கள் விற்பது அடுத்த கோடையை. அதனால் அறை விலை, படகுக் கூலி எல்லாம் ஒக்டோபருக்குள் முடிவாகியிருக்க வேண்டும். இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அழகான கையேட்டோடு போய் நிற்பார்கள், விலை கேட்டால் முழிப்பார்கள்.

விலையை முடிவாக்குவது எப்படி என்றால், அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். பதவியில் "தலைமை" இருக்கும், ஆனால் யாரும் உங்கள் சொல் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவுக்கு அனுமதிச்சீட்டு வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும், படகு படகுக்காரருடையது. கோட்டைக்குள் இராணுவம், கோட்டை தாண்டினால் கோணேசர் கோயில். எல்லோரிடமும் நீங்கள்தான் நடக்க வேண்டும். படகுக்காரரைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கூப்பிடாதீர்கள். காலைப் பயணங்கள் முடிந்து அவர்கள் நிலாவெளி மணலில் உட்கார்ந்திருக்கும் நேரம் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். படகுக் கூலி தனி, நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி வாடகை தனி, அனுமதிச்சீட்டு தனி என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை எழுத வைத்தால், அந்தப் பலகை பெர்லினில் பேசும் பேச்சைவிட அதிகம் விற்கும்.

எழுத்தில் கவனம் தேவை. மதுரைக்காரருக்குச் சம்பந்தர் பாடிய தலம் என்றாலே போதும், ஈழத்துப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டில் ஒன்று கோணேசர் கோயில். அவருக்குத் திமிங்கிலத்தைப் பிறகு காட்டலாம். ஆனால் கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை பாருங்கள். எங்கள் சனம் இராவணன் கதையைச் சொல்லி, இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியை செய்யும் இடம். தொல்லியல் திணைக்களமும் பௌத்த வரலாறு சொல்வோரும் வேறு கதை சொல்கிறார்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு என்பதில் சண்டை இல்லை, அங்கிருந்து தொடங்குங்கள்.

உள்நாட்டுக்காரரை மறக்கவே கூடாது. சேருவில பௌத்த விகாரைக்கு பஸ்ஸில் வருவோரும் பள்ளிக்கூடச் சுற்றுலாவும்தான் வெளிநாட்டார் வராத வருடங்களில் இந்த ஊரின் சாப்பாட்டுக் கடைகளைத் தாங்கியவர்கள்.

ஆள் எடுக்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. கொழும்பு இரவு ரயிலில் ஒரு குடும்பம் விடியும் முன் வந்து இறங்குகிறது, அறை மதியம்தான் கிடைக்கும், என்ன செய்வீர்கள்? "கோணேசர் கோயிலுக்கு அனுப்புவேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். பெட்டிகளை எங்கே வைப்பது, பிள்ளைகள் எங்கே முகம் கழுவுவது, கோட்டை வாசலில் மான்களைப் பார்த்த பிறகு இடியப்பம் எந்தக் கடையில் சூடாக இருக்கும் என்று சொல்பவரைத்தான் நான் எடுப்பேன்.