மலை எல்லையில் விபத்து, பேரிடர் நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு – கேரள எல்லையில் போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம், ஆபத்து நேரத்தில் உதவப் புதிதாகத் தன்னார்வலர் அட்டை வாங்கும் பிள்ளைகள், நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த கூத்தையே திரும்ப அடிக்கிறார்கள். டார்ச்சுக்கு சார்ஜ் போடு, மழைக்கோட்டு எடுத்துக்கோ என்பதையெல்லாம் அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்த மாநிலம் என்று சொல்லாமல் பேசுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். விடியற்காலையில் தேனி மாவட்டத்துப் போடி, தேவாரம், கம்பத்திலிருந்து கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். ஒன்று கவிழ்ந்தால் உடனே 108-ஐ அடிப்பார்கள். மெட்டு (மலைக் கணவாய்) ஓரத்தில் போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சிம் எங்கே வாங்கியது என்பது கணக்கில்லை. டவர் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துக் கன்ட்ரோல் ரூமுக்குத்தான் அழைப்பு போகும்.

ஒரு மழைநாள். பையன் ஒருவன், "மெட்டுக்குக் கீழ ஜீப் கவுந்திருச்சு, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மெட்டுக்கு இரண்டு பக்கமும் கீழேதான்! அழைப்பு போனது தமிழ்நாட்டுக் கன்ட்ரோல் ரூமுக்கு. போடியிலிருந்து வந்த வண்டி கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நின்று எட்டிப் பார்த்திருக்கிறது. ஜீப் கிடந்ததோ பூப்பாறை ரோட்டில். தொடையெலும்பு முறிந்த அக்காவை, ஏலக்காய்ச் சாக்கில் இரண்டு கம்பைச் செருகி, கூட வந்த பெண்களே ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "கேரளா, இடுக்கி மாவட்டம், பூப்பாறை – போடிமெட்டு ரோடு, இன்ன எஸ்டேட் கேட்." அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போயிருந்தாலும் வைத்துவிடாதீர்கள், விவரத்தை முழுதாகக் கொடுங்கள். அதற்குள் இன்னொருவர் மாவட்டக் கன்ட்ரோல் ரூமுக்கு, எஸ்டிடி கோடு சேர்த்து 1077 அடிக்கட்டும். இடுக்கிக்கு 04862, தேனிக்கு 04546.

அதிகாரியின் பெயரை எழுதிவைப்பது

மாற்றலாகிப் போய்விடுவார். பதவியையும் லேண்ட்லைனையும் எழுதுங்கள்.

கேஸாகும் என்று கைகட்டி நிற்பது

விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காக்க, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது. "இது எங்க லிமிட் இல்லை" என்று ஸ்டேஷனில் தட்டிக்கழிக்கவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும்.

எச்சரிக்கையை மலையாளத்தில் மட்டும் அனுப்புவது

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதிப் பேருக்கு அதை வாசிக்கத் தெரியாது.

சிக்னலை நம்பி உட்கார்ந்திருப்பது

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது கரண்டும் இல்லை, போனும் இல்லை. 70 பேர் போய்ச் சேர்ந்த செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. டவர் செத்தால் எந்த இரண்டு பேர், எந்தப் பாதையில் நடந்து போய்ச் சொல்வது என்று மழைக்கு முன்பே பேசி வையுங்கள்.

நம்ம ஊர் வானத்தைப் பார்த்து வண்டி எடுப்பது

தென்மேற்குப் பருவத்தில் தேவாரத்தில் வெயில் காயும்போதே இடுக்கிக்கு ரெட் அலர்ட் இருக்கும். 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் கொட்டலாம் என்பது அதன் பொருள். ஆள் ஏற்றும்முன் டிரைவர் பார்க்க வேண்டியது தேனி நிலவரத்தை அல்ல, இடுக்கி நிலவரத்தை. கேட்டால், "கூலி போயிருமேண்ணே" என்பார்கள். அன்றைக்கு ஜீப் வராது என்று கங்காணிக்கு முந்தின இரவே யார் போன் போடுவது என்பதையும் சேர்த்து முடிவு பண்ணுங்கள்.