கிரெடிட் ஸ்கோர் சந்தாவை ரத்து செய்வது எப்படி? ஆப்பை அழித்தால் மட்டும் போதாது

பைக் லோனுக்காக என் மச்சான், கிரெடிட் ஸ்கோரை, அதாவது நாம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்ணை, பார்க்க ஒரு வருஷ சந்தா எடுத்திருந்தார். லோன் கிடைத்ததும் ஆப்பை போனிலிருந்து அழித்துவிட்டு, அத்தோடு முடிந்தது என்று இருந்துவிட்டார். வருஷம் திரும்பியதும் 1,200 ரூபாய் பிடித்ததாக வங்கியிலிருந்து எஸ்எம்எஸ். ஓடிபி கேட்கவில்லை, பின் நம்பரும் கேட்கவில்லை. பணம் தானாகவே பிடிக்கப்படும் ஆட்டோபே வசதிக்கு ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால், இந்த மாதிரி சந்தாக்களுக்கு ஒரு தடவைக்கு 15,000 ரூபாய் வரை அப்படிக் கேட்காமலே எடுக்க முடியும். மெசேஜ்களை மேலே தள்ளிப் பார்த்தோம். முந்தின நாளே "நாளை பணம் பிடிக்கப்படும்" என்று ஒன்று வந்து, லோன் விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது.

அதனால் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டும்: சந்தா எடுத்த இடத்தில் ஒன்று, பணம் போகிற இடத்தில் ஒன்று.

முதலில் உங்கள் கடன் விவரங்கள் அடங்கிய கிரெடிட் ரிப்போர்ட்டை பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சந்தா முடிந்த பிறகு சில தளங்களில் பழைய ரிப்போர்ட் திறக்காது.

அடுத்து அந்தத் தளத்தில் லாகின் செய்து, புரொஃபைல் அல்லது மை அக்கவுண்ட் பகுதியில் சந்தா விவரத்தைத் திறந்து, ஆட்டோ ரினியூவலை அணையுங்கள். அந்த பட்டனே கண்ணில் படவில்லை என்றால் தேடிக்கொண்டே இருக்காமல், பதிவு செய்த ஈமெயிலிலிருந்து "என் சந்தாவை ரத்து செய்யுங்கள்" என்று எழுதி அனுப்புங்கள். ரத்தான பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க மறக்காதீர்கள், பிறகு தகராறு வந்தால் கையில் இருக்கிற ஆதாரம் அதுதான்.

இப்போது பணம் போகிற வழி. யுபிஐ என்றால் கூகுள் பே, போன்பே இரண்டிலும் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். அதில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து ரத்து கொடுங்கள். யுபிஐ பின் கேட்டால் பயப்பட வேண்டாம், அது ரத்தை உறுதி செய்யத்தான். கார்டு என்றால் வங்கியின் நெட் பேங்கிங்கில் இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் பகுதியைப் பாருங்கள். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியில்தான் நிறுத்த முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் பிடித்தால் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். வங்கி 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனிலேயே போகலாம், கட்டணம் கிடையாது.

சந்தா இல்லாமல் ஸ்கோரை எப்படிப் பார்ப்பது என்று மச்சானும் கேட்டார். ஸ்கோரையும் ரிப்போர்ட்டையும் தயாரிக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், 2017 முதல் இது ரிசர்வ் வங்கி விதி. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் வருஷம் முழுக்க ஒரு கண் வைத்த மாதிரி ஆகிவிடும். நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அப்புறம், யாராவது உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தால் எஸ்எம்எஸ் அல்லது ஈமெயிலில் தெரிவிக்க வேண்டியதும் இந்த நிறுவனங்களின் கடமைதான். ஆனால் வங்கியில் பழைய போன் நம்பர் இருந்தால் அது உங்களுக்கு வந்து சேராது, இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.