மச்சத்தை லென்ஸில் பார்க்கும்போது நடக்கும் தவறுகள்

மெலனோமா என்ற தோல் புற்றுநோயைச் சீக்கிரம் பிடிக்கத் தோல் மருத்துவர்களிடம் டெர்மாஸ்கோப் இருக்கிறது. சுமார் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் விளக்கும்தான். போலரைஸ் செய்த ஒளி மேல்தோலின் பளபளப்பை நீக்கிவிடுவதால், அடியில் நிறமி பரவியிருக்கும் விதம் தெரிகிறது. ஆனால் கருவியை வைத்த இடம் மட்டுமே தெரியும்.

முகம், கை, முதுகைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். முதல் தவறே அதுதான். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் மெலனோமா அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம். வெயிலுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. 1981-இல் 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில்தான் தொடங்கியது. அதனால் சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்கு வரை காட்டுங்கள். நெயில் பாலிஷ் வேண்டாம்.

சாயமும் வேண்டாம். உள்ளங்காலில் ரேகைகள் மேடும் பள்ளமுமாக ஓடுகின்றன. மேட்டில் வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசை கட்டி நிற்கும். சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் மெல்லிய கோடாகப் படியும். மெலனோமாவில் மேட்டின் மேல் பட்டையாகப் படியும். தலைச்சாயமும் கறுப்பு மருதாணியும் மேட்டில் ஒட்டிக்கொண்டு அதே தோற்றத்தைக் காட்டிவிடலாம்.

பார்ப்பவர் லென்ஸை அழுத்துவதும் தவறு. நிறமே இல்லாத இளஞ்சிவப்பு மெலனோமாவைக் காட்டிக்கொடுப்பது இரத்தக் குழாய்களின் வடிவம். அழுத்தினால் அவை வெளிறி மறைந்துவிடும். ஜெல் தடவி, மெதுவாக வைக்க வேண்டும்.

அப்புறம், மச்சத்தின் படத்தைப் பார்த்துப் புற்றுநோயா என்று சொல்லும் மொபைல் ஆப். பயமில்லை என்று அது சொன்னதும் சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் படங்களைப் பார்த்துக் கற்றவை. சாதாரண மச்சத்தின் பக்கத்தில் பேனா மையால் குறியிட்டிருந்தாலே மெலனோமா என்று சொல்லும் அளவுக்கு ஒரு மென்பொருள் தடுமாறியதை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள். வளரும், நிறம் மாறும், இரத்தம் கசியும் மச்சத்தை ஆப் என்ன சொன்னாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

“கேமராவிலேயே பார்த்தாச்சே, வெட்டுவது எதற்கு?” என்று பயாப்ஸியை, அதாவது திசுவை வெட்டியெடுத்து ஆய்வகத்தில் சோதிப்பதை, தள்ளிப்போடாதீர்கள். வெட்டாமலே லேசர் ஒளியால் உள்ளே பார்க்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கிகூடத் தோலுக்குள் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான் எட்டும். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைத் திசுவை அளந்துதான் சொல்ல முடியும். சிகிச்சையும் அதைப் பொறுத்ததே. பயாப்ஸி எடுத்தால் பரவிவிடும் என்ற பயம் தேவையில்லை. நான் மிகவும் அஞ்சுவது, யாரும் பரிசோதிக்காத மச்சத்தை அழகு நிலையத்தில் சுட்டு எடுப்பதை. சுட்டபின் ஆய்வகத்துக்கு அனுப்பத் திசுவே மிஞ்சாது.