பெனிடோயிட்: அரிய நீலக் கனிமத்தை அடையாளம் கண்டு வகைப்படுத்துவது எப்படி?

கனிமங்களைப் பழகத் தொடங்கும் எவரும் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். 1907-இல் கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ மாவட்டத்து மலைகளில் பெனிடோயிட் கிடைத்தபோதும், நீலமாக இருந்ததால் நீலக்கல் என்றே முதலில் எண்ணினார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் ஜார்ஜ் லௌடர்பேக் அதைச் சோதித்த பிறகுதான் அது யாரும் அறியாத கனிமம் என்று தெரியவந்தது. ஆகவே இந்தச் செய்முறையில் நிறத்தை ஓரமாக வைத்துவிட்டு, அளக்கக்கூடியவற்றிலிருந்து தொடங்குவோம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, தம்ளரில் தண்ணீர், மெல்லிய நூல், 254 நானோமீட்டர் குற்றலைப் புறஊதா விளக்கு ஆகியவை போதும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்த விளக்கை ஏற்றவே கூடாது.

படி 1: வடிவமும் தாய்ப்பாறையும்

லூப்பில் முக்கோண முகங்களைத் தேடுங்கள். நன்றாக வளர்ந்த பெனிடோயிட் படிகம் தட்டையான முக்கோணமாகத் தெரியும். கலிபோர்னியச் சுரங்கத்தில் அது வெள்ளை நேட்ரோலைட்டுக்குள் புதைந்திருக்கும். பக்கத்தில் கறுப்பு நெப்டியூனைட் நீண்ட பட்டகங்களாக நிற்கும். இந்த மூன்றும் ஒரே துண்டில் சேர்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. நேட்ரோலைட்டை அமிலம் கரைத்துவிடும், பெனிடோயிட்டைத் தொடாது. விற்பனைக்கு வரும் மாதிரிகளில் படிகம் வெளியே துருத்தி நிற்பது அப்படித்தான். அமில வேலையை வீட்டில் செய்ய வேண்டாம்.

படி 2: கடினத்தன்மை

கடினத்தன்மையை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவுகோலில் பெனிடோயிட் 6 முதல் 6.5 வரை. சாதாரணக் கண்ணாடியைக் கீறும். குவார்ட்ஸ் இதைக் கீறிவிடும். நீலக்கல்லோ 9. உடைந்த துண்டு கையில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். நல்ல படிகத்தைக் கீறிப் பார்ப்பது அதைக் கெடுப்பது.

படி 3: ஒப்படர்த்தி

ஒரு கல் அதே கனஅளவுள்ள தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு எடை என்பதே ஒப்படர்த்தி. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கல்லுக்குச் சேதமில்லை, விடையோ எண்ணாகவே வந்துவிடும். தாய்ப்பாறை ஒட்டாத தனிப் படிகத்தை முதலில் உலர்ந்த நிலையில் நிறுங்கள். பிறகு தண்ணீர்த் தம்ளரைத் தராசில் வைத்து, அளவைச் சுழியாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, தம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடை 1.46 கிராம், தராசு காட்டுவது 0.40 கிராம் என்றால், 1.46-ஐ 0.40-ஆல் வகுக்க 3.65 வரும். அதுதான் பெனிடோயிட்டின் ஒப்படர்த்தி. அதே எடையுள்ள நீலக்கல் ஏறத்தாழ 0.365 கிராம் தண்ணீரை விலக்கி, 4.00 என்று விடை தரும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தவறும். நனைந்த தூரிகையால் முதலில் தடவிவிடுங்கள்.

படி 4: ஒளி

ஒளி கல்லுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். இத்தகைய கற்களில் ஒளி இரண்டாகப் பிரிவதால் எண்ணும் இரண்டு. பெனிடோயிட்டின் ஒளிவிலகல் எண்கள் 1.757, 1.804. நீலக்கல்லின் 1.762, 1.770 ஆகியவற்றுக்கு முதல் எண் மிக அருகில் இருப்பதால் ஒன்றை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரே கல்லின் இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம்தான் முக்கியம்: இங்கே 0.047, நீலக்கல்லில் வெறும் 0.008. பட்டை தீட்டிய பெனிடோயிட்டை லூப்பில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். படிகத்தின் முக்கிய அச்சு வழியே பார்த்தால் மட்டும் இரட்டை மறைந்துவிடும். அந்தத் திசையில் நீலமும் வெளிறி, கல் ஏறத்தாழ நிறமற்றதாகிவிடும். நிறத்தை நம்பாதீர்கள் என்று சொன்னதன் காரணம் இதுவே.

அடுத்து இருட்டறையில் குற்றலை விளக்கு. பெனிடோயிட் கண்ணைப் பறிக்கும் நீலத்தில் ஒளிரும். இயற்கை நீலக்கல் பெரும்பாலும் ஒளிராது. ஆனால் செயற்கை நீலக்கற்கள் சில சுண்ணாம்பு நிறத்தில் மங்கலாக ஒளிர்வதுண்டு. அதனால் ஒப்படர்த்தியையும் ஒளிர்வையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

படி 5: எந்த வகைச் சிலிகேட்?

சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த அடிப்படை அலகால் ஆன கனிமங்களே சிலிகேட்டுகள். பெனிடோயிட்டும் அவற்றில் ஒன்று. அதன் ஒரு மூலக்கூறு வாய்ப்பாட்டுக்குப் பேரியம் 1, டைட்டானியம் 1, சிலிக்கான் 3, ஆக்சிஜன் 9. முதலில் மின்னூட்டத்தைச் சரிபாருங்கள்: பேரியம் +2, டைட்டானியம் +4, சிலிக்கான் மூன்றும் +12, கூட்டினால் +18. ஆக்சிஜன் ஒன்பதும் சேர்ந்து −18. சமன்.

எல்லாச் சிலிகேட்டுகளிலும் ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் நான்கு மூலைகளில், நான்முகியாக நிற்கின்றன. நான்முகிகள் தனித்தனியே நின்றால் சிலிக்கான்–ஆக்சிஜன் விகிதம் 1:4. கார்னெட், சிர்க்கான் அப்படிப்பட்டவை. ஒவ்வொரு நான்முகியும் தன் இரண்டு மூலைகளை அண்டை நான்முகிகளோடு பங்கிட்டால், முழுதாக இரண்டும் பாதியாக இரண்டும், ஆக மூன்று ஆக்சிஜன்களே அதன் கணக்கில் சேரும். 1:3 என்பது அங்கிருந்து வருகிறது.

தொடக்கநிலையினர் தடுமாறும் இடம் இதுதான். மூலைகள் சங்கிலியாக நீண்டாலும் விகிதம் 1:3, வளையமாக மூடிக்கொண்டாலும் 1:3. என்ஸ்டடைட் சங்கிலி வகை. பெனிடோயிட் வளைய வகை. வாய்ப்பாட்டை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது, எக்ஸ்-கதிர் ஆய்வு வேண்டும். 1930-இல் படிகவியலாளர் சகாரியாசென் இந்தக் கட்டமைப்பைத் தீர்த்து, மூன்று நான்முகிகள் கைகோத்த வளையம் என்று காட்டினார். மரகதமும் வளையச் சிலிகேட்தான், ஆனால் அதில் ஆறு நான்முகிகள்.

படி 6: சமச்சீர்மையும் இடமும்

ஒரு படிகத்தைச் சுழற்றினாலோ கண்ணாடியில் காட்டினாலோ அதே வடிவம் எப்படித் திரும்ப வருகிறது என்பதை வைத்துப் பிரிப்பவையே சமச்சீர்மை வகுப்புகள். படிகங்கள் அத்தகைய 32 வகுப்புகளில் மட்டுமே அமைய முடியும் என்று 1830-இலேயே ஜெர்மன் கனிமவியலாளர் ஹெஸ்ஸெல் கணிதவழியில் நிறுவினார். அவற்றில் ஒரு முக்கோண வகுப்புக்கு உறுதியான கனிம உதாரணம் இல்லாமலே இருந்தது. பெனிடோயிட் அந்த இடத்தை நிரப்பியது. படி 1-இல் கண்ட முக்கோண முகங்கள் அந்தச் சமச்சீர்மையின் வெளித்தோற்றம். இந்த வகுப்புகள் சில பெரிய தொகுதிகளாகச் சேர்க்கப்படுகின்றன. அறுகோணத் தொகுதியில்தான் இந்த வகுப்பு சேர்கிறது; முக்கோணத்தைப் பார்த்ததும் வேறு தொகுதி என்று எழுதிவிடாதீர்கள்.

கனிமங்களை வேதி அமைப்பின்படி பிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் வகைப்பாட்டில் சிலிகேட்டுகளுக்கு 9-ஆம் பிரிவு. அதற்குள் வளையச் சிலிகேட்டுகளுக்கு 'சி' என்ற எழுத்து. மூன்று உறுப்பு வளையங்களுக்கு 'ஏ'. உங்கள் குறிப்பேட்டில் '9.சிஏ, பெனிடோயிட் குழு' என்று எழுதுங்கள். டைட்டானியத்துக்குப் பதில் வெள்ளீயம் மேலோங்கினால் பாப்ஸ்டைட், சிர்க்கோனியம் வந்தால் பாசிரைட். இரண்டும் இதே குழுவில்தான் சேரும்.