கிறீஸ் நிப்பிள் மாற்றும்போது சரியான அளவைப் பிடிப்பது எப்படி?

தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ சேற்று உழவு முடித்து வந்த டிராக்டரின் முன் அச்சுக்குக் கீழே குனிந்து பாருங்கள். காய்ந்த சேற்றைச் சுரண்டினால் விரல் நுனி அளவில் ஒரு உலோக முளை தெரியும். அதுதான் கிறீஸ் நிப்பிள். கிறீஸ் கன்னின் வாயை அதில் மாட்டி அடித்தால் கிறீஸ் உள்ளே போகும், திரும்பி வராது. நுனியில் ஒரு குண்டு, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், உள்ளே இருப்பது அவ்வளவுதான்.

விலை மிகக் குறைந்த பொருள். ஆனால் அளவு தவறியதைத் திருகி ஏற்றினால் நிப்பிள் கெடுவதில்லை, அது உட்காரும் துளையின் மரை கெடும். கிங் பின்னையோ (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) ஹப்பையோ (சக்கரக் குடம்) கழற்றி லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் செலவு அங்கேதான் தொடங்கும். இதுவரை ஒரு நிப்பிளும் மாற்றாதவர்களுக்காக எழுதுகிறேன். டிராக்டர், லேண்ட்மாஸ்டர், ட்ரெய்லர், லொறி எல்லாவற்றுக்கும் முறை ஒன்றுதான்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

கிறீஸ் ஏறவில்லை என்றதும் நிப்பிளைக் குறை சொல்வது வழக்கம். பாதி நேரம் அது அடைத்துத்தான் இருக்கும். தலையை டீசலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய கம்பியால் குண்டை அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் துள்ளித் திரும்பினால் நிப்பிள் நல்லது. அழுத்தினால் அசையவில்லை, அல்லது போனது போனதுதான், திரும்பவில்லை என்றால் மாற்றுங்கள். தலையின் கழுத்துத் தேய்ந்து கன் வழுக்கி வந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

குண்டு நன்றாக இருந்தும் கிறீஸ் ஏறாவிட்டால், நிப்பிளைக் கழற்றி வெறும் நிப்பிளில் கன்னால் அடித்துப் பாருங்கள். தாராளமாக வெளியே வந்தால் அடைப்பு பின்னுக்குள் இருக்கிறது. பழைய கிறீஸ் காய்ந்து மெழுகாகி வழியை மூடியிருக்கும். அதற்குப் புது நிப்பிள் மருந்தாகாது.

ஒரு எச்சரிக்கை. இப்படிச் சோதிக்கும்போது நிப்பிளின் வாயை விரலால் பொத்தாதீர்கள். கை கன்னிலேயே அழுத்தம் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. வரை போகும். அந்த அழுத்தத்தில் கிறீஸ் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், வலியும் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகும், விரலையே இழக்க நேரலாம். அப்படி ஆனால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், கிறீஸ் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லுங்கள்.

கழற்றுதல்

சுற்றியுள்ள சேற்றை முழுதாக எடுத்த பிறகே ஸ்பனரை வையுங்கள். இல்லாவிட்டால் கழன்ற துளை வழியாக மணல் நேராகப் பேரிங்குக்குப் போய்விடும். வளையத் தலை ஸ்பனர் அல்லது சாக்கெட் நல்லது. வளைந்த நிப்பிளுக்கு அது ஏறாது, திறந்த வாய் ஸ்பனர்தான். இடுக்கி வேண்டாம், அறுகோணம் உருண்டுவிடும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் படகு ஏற்றி இறக்கும் ட்ரெய்லர் என்றால் உப்புக் காற்றில் துரு இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் தெளித்துவிட்டு விடியக் கை வையுங்கள்.

கழற்றியதை எறியாதீர்கள். அளக்கப் போவது அதைத்தான்.

மரையே இல்லாமல் சும்மா பிடுங்கி வந்தால், அது அடித்துப் பொருத்தும் வகை. அதற்குத் துளையின் விட்டத்தை அளந்து அதே வகையைத்தான் வாங்க வேண்டும். கீழே வருவதெல்லாம் மரையுள்ளவற்றுக்கு.

அளத்தல்

இங்கேதான் நிதானம் வேண்டும். இரண்டு அளவுகள் தேவை. ஒன்று மரையின் வெளி விட்டம். மற்றது பிட்ச், அதாவது ஒரு மரைப் பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம். விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய நிப்பிளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, வேணியர் இடுக்கிமானியால் விட்டத்தை எடுங்கள். மரையின் முகடு எப்போதும் சொல்லும் அளவைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். 5.9 மி.மீ. வந்தால் அது எம்6, அதாவது 6 மி.மீ. மெட்ரிக் மரை. 6.3 அளவில் வந்தால் கால் அங்குல யு.என்.எஃப். (நெருக்கமான அங்குல மரை). 7.9 என்றால் எம்8. 9.5 முதல் 10.3 வரை எதுவானாலும் உடனே முடிவு எடுக்காதீர்கள். அந்த இடைவெளியில் மூன்று பேர் ஒளிந்திருக்கிறார்கள்: எம்10, 1/8 பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை), 1/8 என்.பி.டி. (அமெரிக்கச் சாய்வுக் குழாய் மரை).

புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது இந்த 1/8 தான். எட்டில் ஒரு அங்குலம் என்றால் 3 மி.மீ. சொச்சம்தானே, நிப்பிள் அதைவிட மூன்று மடங்கு தடிப்பாக இருக்கிறதே என்று கேட்பார்கள். அது குழாய்க் கணக்கு, மரையின் விட்டம் இல்லை. 1/8 பி.எஸ்.பி. மரையின் வெளி விட்டம் 9.73 மி.மீ. எம்10 இடமிருந்து இது வேறுபடுவது மயிரிழையில். நுனி நோக்கி மெலியும் சாய்வு மரையாக இருந்தால் எந்த இடத்தில் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த வேறுபாடும் மறைந்துவிடும்.

அப்போ பிட்ச்தான் தீர்ப்பு. மெட்ரிக் நிப்பிள்கள் எம்6, எம்8, எம்10 மூன்றுக்கும் பெரும்பாலும் பிட்ச் 1 மி.மீ. 1/8 பி.எஸ்.பி.யில் அங்குலத்துக்கு 28 மரை, அதாவது 0.907 மி.மீ. என்.பி.டி.யில் 27 மரை. கால் அங்குல யு.என்.எஃப்.இலும் 28 தான்.

பிட்ச் கேஜ் இருந்தால் வைத்துப் பார்த்துவிடலாம். இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. சாதாரண எம்6 போல்ட் ஒன்றை எடுங்கள், 10 ஆம் நம்பர் ஸ்பனர் பிடிக்கும் அதே போல்ட். அதன் பிட்ச் சரியாக 1 மி.மீ. போல்டையும் நிப்பிளையும் பக்கம் பக்கமாக, பல்லுக்குள் பல் விழுமாறு அழுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெடுகப் பல் பொருந்தி இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் 1 மி.மீ. பிட்ச். முதல் இரண்டு மூன்று பல் பொருந்தி, ஐந்தாவது பல்லில் முகடு முகட்டின் மேல் ஏறி நின்றால் அது 28 மரைக்காரன். போல்டின் விட்டம் நிப்பிளின் விட்டத்தோடு ஒத்திருக்கத் தேவையில்லை, பல்லின் இடைவெளியைத்தான் ஒப்பிடுகிறோம். எம்8 போல்டை இதற்கு எடுக்காதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண எம்8 போல்டின் பிட்ச் 1.25. அதே காரணத்தால் நிப்பிள் துளைக்குள் சாதாரண எம்8 போல்டைத் திருகிப் பார்ப்பதும் கூடாது.

ஜப்பான் இயந்திரம் என்றால் இன்னொரு ஆளும் உண்டு. ஜப்பான் தரத்தில் எம்6 நிப்பிளின் பிட்ச் 0.75. 6 மி.மீ. விட்டம் காட்டியும் போல்டோடு பல் பொருந்தாவிட்டால் இதுவாக இருக்கலாம். அவர்களுடைய பெரிய நிப்பிளில் பி.டி. 1/8 என்று எழுதியிருக்கும். அது பி.எஸ்.பி.யின் சாய்வு மரையேதான், என்.பி.டி. இல்லை.

இங்கிலாந்து வழி வந்த பழைய மாசி பெர்குசன்களில் அங்குல மரையை எதிர்பார்க்கலாம். ஆனால் நம் ஊரில் ஓடும் பழைய டிராக்டர் ஒவ்வொன்றும் எத்தனையோ கராஜ்களைப் பார்த்தது. ஒரு பக்க கிங் பின்னில் ஒரு அளவும் மறுபக்கத்தில் வேறு அளவும் இருப்பது புதினமில்லை. பெயர்ப் பலகையை நம்பாமல் ஒவ்வொரு துளையையும் தனித்தனியே அளப்பதே என் வழக்கம்.

நேர் மரையா, சாய்வு மரையா

நிப்பிள் மரையின் அடியிலும் நுனியிலும் அளந்து பாருங்கள். நுனி மெலிந்திருந்தால் சாய்வு மரை. இது இறுக இறுகத் தானே அடைத்துக்கொள்ளும், அறுகோணம் கீழே போய் முட்ட வேண்டியதில்லை. நேர் மரையில் அறுகோணத்தின் அடிப்பகுதி உலோகத்தோடு படிந்து உட்கார வேண்டும்.

தலை, கோணம், நீளம்

தலையைப் பற்றிக் கவலை குறைவு. ஜெர்மன் டின் 71412 தரத்தில் வரும் வழக்கமான கூம்புத் தலை 6.5 மி.மீ. அளவு, கடையில் கிடைக்கும் சாதாரண கன் எல்லாம் அதைப் பிடிக்கும். கனரக இயந்திரங்களில் தட்டையான பொத்தான் தலை வரும், அதற்குக் கன்னின் வாயே வேறு.

கோணம் மூன்று: நேர், 45 பாகை, 90 பாகை. பழையது எப்படி இருந்ததோ அதையே வாங்குங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் சுற்றும் ஷாப்டை இணைக்கும் யுனிவர்சல் ஜாயிண்டில் யாராவது நேர் நிப்பிளைப் பூட்டிவிட்டு, கன் நுழையாததால் வருடக்கணக்கில் கிறீஸ் அடிக்காமலே விட்டிருப்பார்கள். அங்கே 45க்கு மாற்றுவது நல்லது. வளைந்தது சுற்றும்போது எதிலும் தட்டுகிறதா என்று ஷாப்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மரை நீளம் பழையதைவிட அதிகமானால் உள்ளே பின்னில் முட்டும், கிறீஸ் வழியையும் மூடும்.

கடையில்

திருகோணமலை டவுனில் என்.சி. வீதியிலோ சென்ட்ரல் ரோட்டிலோ கடைக்குப் போய் "அண்ணன், டிராக்டருக்கு நிப்பிள் ஒண்டு தாங்க" என்று மட்டும் கேட்டால், கைக்கு வரும் பெட்டியிலிருந்து ஒன்று வரும். "எம்8, ஒண்டு பிட்ச், 90 பாகை" என்று கேளுங்கள், பழையதையும் காட்டுங்கள். புதியதையும் பழையதையும் அந்த மேசையிலேயே பல்லோடு பல் சேர்த்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கடற்கரை ட்ரெய்லருக்கு ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் அதை எடுங்கள். நாகம் பூசிய சாதாரண நிப்பிள் உப்புத் தண்ணீரில் அதிக காலம் தாங்காது. வயல் வேலைக்கு அதுவே போதும்.

பூட்டுதல்

துளையைத் துடைத்து, மரையில் சிறிது கிறீஸ் பூசி, விரலால் மட்டும் திருகுங்கள். முதல் இரண்டு மூன்று சுற்று விரலுக்கே போக வேண்டும். ஒன்றரைச் சுற்றில் இறுகினால் நிறுத்திவிடுங்கள், அது உங்கள் அளவு இல்லை. "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போய்விடும்" என்று ஸ்பனரை எடுக்கும் கைதான் மரையைத் தின்னும். எம்10 நிப்பிள் 1/8 பி.எஸ்.பி. துளைக்குள் இப்படித்தான் ஒன்றிரண்டு சுற்று ஆசை காட்டிவிட்டு இறுகும்.

விரலுக்கு நன்றாகப் போன பிறகு ஸ்பனர். எம்6க்கு 7, எம்8க்கு 9, எம்10க்கு 11 ஆம் நம்பர் பெரும்பாலும் சரிவரும். நேர் மரையில் படிந்ததும் ஒரு சிறு இறுக்கம். சாய்வு மரையில் இறுக்கம் தெரிந்தபின் அரைச் சுற்றுப் போதும். நடுவில் துளை உள்ள மெல்லிய பொருள் இது, எம்6 நிப்பிள் கழுத்தோடு முறிய அதிக பலம் வேண்டியதில்லை.

மரை ஏற்கெனவே தின்றுபோயிருந்தால் அடுத்த அளவுக்குத் துளைத்து டேப் (மரை வெட்டும் கருவி) போடலாம்: எம்6 போனால் எம்8 × 1, அதற்கு 7 மி.மீ. ட்ரில். எம்8 போனால் எம்10 × 1, அதற்கு 9 மி.மீ. ட்ரில். டேப்பின் பள்ளங்களில் கிறீஸை அப்பிக்கொண்டால் இரும்புத் தூள் அதில் ஒட்டி வெளியே வரும். சுவர் மெல்லிய இடமாக இருந்தால் இதை நீங்களே செய்ய வேண்டாம், லேத் பாஸிடம் விடுங்கள்.

பூட்டி முடிந்ததும் கன்னை நேராக மாட்டி மெதுவாக அடியுங்கள். கிங் பின், ஷக்கிள் பின் (வில் தகட்டைப் பிடிக்கும் ஆணி) போன்ற இடங்களில் முதலில் கறுத்த பழைய கிறீஸும் சேற்றுத் தண்ணீரும் ஓரமாகப் பிதுங்கி வரும், பிறகு புது நிறம் தெரியும். அத்தோடு நிறுத்துங்கள். சீல் போட்ட பேரிங் என்றால் பிதுங்கும்வரை அடிக்கக் கூடாது, சீலை வெளியே தள்ளிவிடும். இரண்டு மூன்று அடி போதும். ரப்பர் மூடி இருந்தால் தலையில் மாட்டிவிட்டு, எந்தத் துளைக்கு எந்த அளவு என்பதைக் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் பெயின்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள். பெரும்போக அறுவடைக்கு முன் அந்த அளவுகளில் இரண்டிரண்டு வாங்கிப் பெட்டியிலேயே போட்டு வைத்தால், வயல் நடுவே ஒன்று முறிந்தாலும் டவுனுக்கு ஓட வேண்டியிராது.